கழற்றுவதற்கு முன் கண்டுபிடிக்க வேண்டாமா?

கோடை விடுமுறை நெருங்கிவிட்டால் குஷாய்குடா, மௌலாலி, சர்லபள்ளி, ஈ.சி.ஐ.எல். வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களில் இரண்டு பேச்சுகள் தொடங்கிவிடும். ஒன்று, ரயில் டிக்கெட் உறுதியாயிற்றா என்பது. இன்னொன்று, ஆகாவிட்டால் காரிலேயே ஊருக்குப் போய்விடலாமா என்பது. சென்னைப் பக்கம் என்றால் விஜயவாடா, ஓங்கோல், நெல்லூர் வழி. மதுரை, திருநெல்வேலிப் பக்கம் என்றால் கர்னூல், அனந்தபூர், பெங்களூர், சேலம் வழி. மே மாத வெயிலில், வீட்டார் நால்வரையும் ஊறுகாய் ஜாடியையும் ஏற்றிக்கொண்டு நாள் முழுதும் ஓடப்போகிற அந்த வண்டியின் ரேடியேட்டரில் தண்ணீர் நிற்கிறதா, குறைகிறதா என்று எத்தனை பேர் பார்க்கிறோம்?

"கொஞ்சம் குறையுது சார், அப்பப்போ ஊத்திக்கிறேன்" என்று சொல்பவர்கள் ஒரு ரகம். "மெக்கானிக் என்ஜினைப் பிரிக்கணும்னு சொல்லிட்டார், பிரிச்சுட வேண்டியதுதான்" என்று பணத்தைத் தயார் செய்பவர்கள் இன்னொரு ரகம். இரண்டு பேருமே ஒரு முக்கியமான வேலையைத் தாண்டிப் போகிறார்கள். தண்ணீர் எங்கே போகிறது என்று கண்டுபிடிப்பதே அந்த வேலை. அது தனி வேலை, படிப்பும் பொறுமையும் கேட்கும் வேலை, அதற்குத் தனியாகக் கூலி கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. டிப்ளமோ முடித்து ரயில்வேயில் டீசல் என்ஜின்களோடு காலம் கழித்தவன் என்ற முறையில் இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

தண்ணீர் போகும் மூன்று வழிகள்

என்ஜினில் எரியும் பெட்ரோல், டீசலின் சக்தி முழுவதும் சக்கரத்துக்குப் போவதில்லை. பெரும் பங்கு வெப்பமாகிவிடுகிறது. அதில் ஒரு பகுதியைத் தண்ணீர் எடுத்துக்கொண்டு ரேடியேட்டரில் காற்றுக்குக் கொடுக்கிறது. இது மூடிய சுற்று. சரியாக உள்ள வண்டியில் தண்ணீர் குறையவே கூடாது. குறைகிறது என்றால் மூன்றில் ஒரு வழியாகத்தான் போயிருக்க வேண்டும்.

முதல் வழி வெளியே. ரேடியேட்டரில் ஓட்டை, ஹோஸ் பைப்பில் வெடிப்பு, வாட்டர் பம்ப் சீல், தேய்ந்த மூடி, விரிசல் விட்ட பிளாஸ்டிக் தொட்டி என்று பல இடங்கள் உண்டு. இரண்டாவது வழி எரியும் அறைக்குள். அப்போது சைலன்ஸரில் வெள்ளைப் புகை வரும், கூலன்ட் கலந்த வண்டியானால் அதில் ஒரு தித்திப்பு வாடை அடிக்கும், ரேடியேட்டரில் குமிழி விடும். மூன்றாவது வழி என்ஜின் ஆயிலுக்குள். ஆயில் மோர்க்குழம்பு நிறத்துக்கு மாறிவிடும்.

இந்த மூன்றில் முதல் வழி பெரும்பாலும் சில்லறைச் செலவு. மற்ற இரண்டும் பெருஞ்செலவு. மூன்றுக்குமே வெளியே தெரியும் அடையாளம் ஒன்றுதான்: தண்ணீர் குறைகிறது, முள் சிவப்புக்குப் போகிறது. அதை மட்டும் வைத்துக்கொண்டு "ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு" என்று சொல்வது, காய்ச்சல் என்றவுடன் வயிற்றைக் கிழிக்கத் தேதி குறிப்பதற்குச் சமம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஏ.சி. போட்டு ஓட்டிவந்து நிறுத்திய வண்டியின் கீழே சொட்டும் தெளிந்த தண்ணீர் காற்றின் ஈரம் குளிர்ந்து வடிவது. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. நிறமும் வழவழப்பும் இருந்தால்தான் அது கூலன்ட். கூலன்ட்டில் கலக்கும் கிளைகால் விஷம். தித்திப்பாக இருப்பதால் நாயும் குழந்தையும் வாய் வைக்கக்கூடும். தரையில் சிந்தினால் உடனே கழுவிவிடுங்கள்.

டீசல் ஷெட்டில் என்ன செய்தார்கள்?

நம் வீட்டு வாசலிலேயே மௌலாலி டீசல் ஷெட் இருக்கிறது. நாடெங்கும் இப்படிப்பட்ட ஷெட்டுகளில் பல பத்தாண்டுகள் ஆண்டது டபிள்யூ.டி.எம்.-2 என்ற லோகோ. அமெரிக்க ஆல்கோ நிறுவனத்தின் வடிவமைப்பு. 1962-ல் இறக்குமதியாகி, 1964 முதல் வாரணாசியில் நம்மவர்களே கட்டியது. 16 சிலிண்டர், 2600 குதிரைத்திறன். சுற்றிவரும் தண்ணீர் மட்டும் ஆயிரம் லிட்டருக்கு மேல்.

அந்த லோகோவை ஓட்டிவந்தவர் புத்தகத்தில் "தண்ணீர் குறைகிறது" என்று எழுதிவிட்டால், யாரும் ஸ்பானரைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை. முதலில் பார்ப்பார்கள். தண்ணீரில் துருப்பிடிக்காமல் இருக்க மருந்து கலந்திருக்கும். கசிந்து காய்ந்த இடத்தில் அது தடம் விட்டிருக்கும். வாட்டர் பம்பில் தண்ணீர்ப் பக்கம் ஒரு சீல், ஆயில் பக்கம் ஒரு சீல், இரண்டுக்கும் நடுவே வெளியே திறக்கும் ஒரு சிறு துவாரம் வைத்திருப்பார்கள். துவாரத்தில் தண்ணீர் சொட்டினால் இந்த சீல், ஆயில் சொட்டினால் அந்த சீல். பம்பைப் பிரிக்காமலே பம்ப் வாய் திறந்து சொல்லிவிடும். இதே துவாரம் உங்கள் காரின் வாட்டர் பம்பிலும் இருக்கிறது.

அடுத்தது ஆயில். சூடான தகட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார்கள். தண்ணீர் கலந்திருந்தால் கடுகு தாளிக்கிற மாதிரி வெடிக்கும். சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கியிருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால், ஸ்டார்ட் செய்வதற்கு முன் சோதனைத் துவாரங்களைத் திறந்து வைத்து என்ஜினைக் கையால் மெல்லச் சுற்றுவார்கள். எந்தத் துவாரத்தில் தண்ணீர் வருகிறதோ, குற்றவாளி அந்த சிலிண்டர். பதினாறு சிலிண்டருக்கும் தனித்தனி ஹெட் என்பதால் அந்த ஒன்றை மட்டும் இறக்கினால் போதும். இதைச் செய்யாமல் அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்தால், தண்ணீரை அமுக்க முடியாது என்பதால் பிஸ்டன் முட்டிக்கொண்டு கனெக்டிங் ராடே வளைந்துவிடும்.

இந்த முறைக்கெல்லாம் காரணம் யாரும் புத்திசாலியாகப் பிறந்தது அல்ல. பதினாறு ஹெட்டையும் கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தால் வண்டி ஓடாது, சரக்கு நகராது. கண்டுபிடிப்பது மலிவு, கழற்றுவது விலை அதிகம் என்பதை ரயில்வே கணக்குப் போட்டு அறிந்திருந்தது. சொந்தக் காரில் மட்டும் நம்மவர்கள் அந்தக் கணக்கைத் தலைகீழாகப் போடுகிறார்கள்.

டிபன் கேரியர் போன்ற ஒரு என்ஜின்

சாதாரணக் காரிலாவது ஹெட்டை மட்டும் கழற்றி எட்டிப் பார்க்க வழி இருக்கிறது. ஹெட்டே இல்லாத ஒரு என்ஜின் உண்டு. அதில் உள்ளே பார்க்க வேண்டுமானால் வண்டியிலிருந்து இறக்கி முழுவதையும் பிரித்தாக வேண்டும். அதுதான் ரோட்டரி என்ஜின். கண்டுபிடித்த ஜெர்மானியர் ஃபெலிக்ஸ் வான்கெல் பெயரால் வான்கெல் என்ஜின் என்றும் சொல்வார்கள். நம் ஊர்ச் சாலைகளில் அபூர்வம். ஆனால் வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளில் கார்ப் பைத்தியம் பிடித்தவர்கள் பழைய மாஸ்டா ஆர்.எக்ஸ்-7, ஆர்.எக்ஸ்-8 வாங்குவதுண்டு. அவர்களுக்கும் இது பயன்படும், நமக்கும் இதில் பாடம் இருக்கிறது.

இதில் மேலும் கீழும் ஓடும் பிஸ்டன் கிடையாது. இடுப்பு சற்று ஒடுங்கிய முட்டை வடிவ அறைக்குள், பக்கங்கள் உப்பிய முக்கோணம் ஒன்று சுழல்கிறது. மாஸ்டாவின் புகழ்பெற்ற 13-பி என்ஜினில் இப்படி இரண்டு முக்கோணங்கள், ஒவ்வொன்றுக்கும் 654 சி.சி. இரண்டு அலுமினிய அறைகள், அவற்றின் இரு புறமும் நடுவிலுமாக மூன்று இரும்புத் தட்டுகள். ஆக ஐந்து அடுக்கு. நீண்ட போல்ட்டுகளால் இறுக்கியிருப்பார்கள். படுக்க வைத்த டிபன் கேரியரை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் இந்த ஐந்து அடுக்கையும் ஊடுருவி ஓடுகிறது. அடுக்குக்கு அடுக்கு தண்ணீர் கசியாமல் காப்பவை ரப்பர் வளையங்கள். உள் வளையம் எரியும் அறைக்கும் தண்ணீருக்கும் நடுவே வேலி. வெளி வளையம் தண்ணீருக்கும் வெளியுலகுக்கும் நடுவே வேலி.

சாதாரண என்ஜினில் ஒரே சிலிண்டருக்குள் குளிர்ந்த காற்றும் வரும், நெருப்பும் எரியும். ஒன்றை ஒன்று ஈடு செய்துகொள்ளும். ரோட்டரியில் அப்படி இல்லை. காற்று வரும் பக்கம் எப்போதும் குளிர்ச்சி, பிளக் இருக்கும் பக்கம் எப்போதும் சூடு. ஒரே உலோகத்தில் ஒரு பக்கம் விரிகிறது, மறுபக்கம் விரிவதில்லை. அந்த நெளிவை ரப்பர் வளையம் தாங்கிக்கொண்டிருக்கிறது. ஒரே ஒரு முறை தண்ணீர் வற்றி என்ஜின் கொதித்துவிட்டால் போதும், வளையம் கருகி இறுகிவிடும். வளையம் உட்காரும் பள்ளத்தின் மெல்லிய சுவரும் நாளடைவில் துருப்பிடித்து உதிரக்கூடும்.

அப்போது என்ன நடக்கும்? ஓடிச் சூடான வண்டியை நிறுத்தியதும், சுற்றில் இருக்கும் அழுத்தம் தண்ணீரை மெல்ல எரியும் அறைக்குள் தள்ளும். மறுபடி ஸ்டார்ட் செய்தால் வண்டி நொண்டும், வெள்ளைப் புகை தள்ளும், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். உரிமையாளர் "சரியாகிவிட்டதே" என்று ஓட்டிக்கொண்டிருப்பார். தொட்டியில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும்.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. தொட்டியில் தண்ணீர் இறங்கியதற்கு ஒரு விரிசல் விட்ட பிளாஸ்டிக் தொட்டியோ வலுவிழந்த மூடியோ காரணமாக இருக்கலாம். ரோட்டரி என்ஜின் தன் சீல்களுக்கு வழவழப்புக் கொடுக்கத் தானே கொஞ்சம் ஆயிலை எரிக்கும். அதன் புகையைப் பார்த்துவிட்டு "என்ஜின் முடிந்தது" என்று தீர்ப்புச் சொல்பவரும் இருப்பார். தவறான தீர்ப்பின் விலை இங்கே ஒரு கேஸ்கெட் அல்ல, ஒரு முழு என்ஜின்.

சரித்திரம் சொல்வது

இது கற்பனைப் பயம் அல்ல. 1967-ல் ஜெர்மனியின் என்.எஸ்.யூ. நிறுவனம் ஆர்.ஓ. 80 என்ற ரோட்டரி காரை வெளியிட்டது. ஐரோப்பாவின் 1968-ஆம் ஆண்டுச் சிறந்த கார் என்ற விருதும் பெற்றது. முக்கோணத்தின் முனைகளில் உள்ள சீல்கள் சீக்கிரம் தேய்ந்தன. உத்தரவாதத்தின் பேரில் என்ஜின் என்ஜினாக மாற்றிக் கொடுத்தார்கள். சீல் தேய்ந்தது ஒரு பக்கம் இருக்க, புது மாதிரி என்ஜினைப் புரிந்துகொள்ளாத விற்பனையாளர்களும் மெக்கானிக்குகளும் இந்தத் தொல்லையைப் பெருக்கினார்கள் என்பதும் பதிவாகியிருக்கிறது. சில உரிமையாளர்கள் வெறுத்துப்போய் ரோட்டரியைத் தூக்கிவிட்டு ஃபோர்டின் வி-4 என்ஜினைப் பொருத்திக்கொண்டார்கள். அந்தச் சிறிய நிறுவனம் தாக்குப்பிடிக்க முடியாமல் 1969-ல் வோக்ஸ்வாகன் குடும்பத்தில் கலந்துவிட்டது.

அதே உரிமத்தை வாங்கிய ஜப்பானின் ஹிரோஷிமா நகரத்து மாஸ்டாவுக்கும் தொல்லை வராமல் இல்லை. அறையின் உட்சுவரில் அலை அலையாகக் கீறல்கள் விழுந்தன. பேயின் நகக் கீறல் என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். கெனிச்சி யமமோட்டோ தலைமையிலான பொறியாளர் குழு பல பொருள்களில் சீல் செய்து பார்த்தது. பிறகுதான் மூல காரணம் பிடிபட்டது. சீல் தன் இயல்பான அதிர்வெண்ணில் துடித்துக்கொண்டே உரசுகிறது. அந்தத் துடிப்பை மாற்றும் வகையில் சீலின் வடிவத்தை மாற்றினார்கள், கீறல் நின்றது. பின்னர் கார்பனும் அலுமினியமும் கலந்த சீல் வந்தது. 1967-ல் காஸ்மோ ஸ்போர்ட் கார் விற்பனைக்கு வந்தது. 1991-ல் பிரான்சின் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் நான்கு ரோட்டர் கொண்ட மாஸ்டா 787-பி முதலிடம் பெற்றது. ஆர்.எக்ஸ்-8 உற்பத்தி 2012-ல் நின்றது. 2023-ல் எம்.எக்ஸ்-30 மின்சாரக் காரில் பாட்டரிக்கு மின்சாரம் தயாரிக்க 830 சி.சி. ஒற்றை ரோட்டரை மாஸ்டா மறுபடி பொருத்தியது.

நம் நாட்டிலும் இந்த என்ஜின் தெரியாத சங்கதி அல்ல. பெங்களூர் தேசிய விண்வெளி ஆய்வகமும், அகமத்நகரில் உள்ள ராணுவ வாகன ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து 55 குதிரைத்திறன் வான்கெல் என்ஜின் ஒன்றைச் செய்தன. நிஷாந்த் என்ற ஆளில்லா விமானத்தில் அதைப் பொருத்தி 2009 மார்ச்சில் கோலாரில் பறக்கவிட்டார்கள். ஆகாயத்தில் ஓரங்கட்டி நிறுத்திப் பானெட்டைத் திறக்க முடியாது. சந்தேகம் எல்லாவற்றையும் தரையிலேயே தீர்த்துக்கொள்ள வேண்டும். கோலாரில் பறந்ததற்கும் கர்னூல் சாலையில் ஓடுவதற்கும் அந்த நியாயம் ஒன்றுதான்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

பெரிய மந்திரம் இல்லை. முதல் சோதனைக்குச் செலவே இல்லை. ஒரு வாரம், தினமும் காலையில், என்ஜின் குளிர்ந்திருக்கும்போது தொட்டியில் தண்ணீர் மட்டத்தைக் கோடு போட்டுக் குறித்து வையுங்கள். ஓடிய கிலோமீட்டரையும் எழுதுங்கள். இரவில் வண்டிக்கடியில் ஒரு பழைய அட்டையை விரித்து வையுங்கள். ஓடினால் குறைகிறதா, நின்றாலும் குறைகிறதா என்பது தெரிந்தாலே பாதி விஷயம் தெரிந்த மாதிரி.

இரண்டாவது, அழுத்தச் சோதனை. ரேடியேட்டர் வாயில் பொருத்தும் மீட்டர் வைத்த ஒரு கைப்பம்ப். மூடியில் எழுதியிருக்கும் அளவுக்கு அழுத்தம் ஏற்றிவிட்டு அரை மணி பார்க்க வேண்டும். முள் இறங்காவிட்டால் குளிர்ந்த நிலையில் கசிவு இல்லை. சூடான பிறகு இன்னொரு முறை பார்க்க வேண்டும். முள் இறங்கி, வெளியே ஈரமே தெரியவில்லை என்றால் உள்ளே போகிறது என்று பொருள். அப்போது ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, அழுத்தத்தோடு வைத்துவிட்டு, பின் ஸ்டார்ட்டரைச் சுற்றினால் பிளக் துவாரத்தில் தண்ணீர் தெறிக்கும். ரோட்டரிக்கும் இதே சோதனைதான். மூடியையும் தனியாகச் சோதிக்க வேண்டும். சுமார் ஒரு பார் அழுத்தம் இருந்தால் தண்ணீரின் கொதிநிலை 100-லிருந்து 120 டிகிரிக்கு உயர்கிறது. மூடி அழுத்தம் பிடிக்காவிட்டால் நல்ல என்ஜினும் கொதிக்கும்.

மூன்றாவது, நீல மருந்து. ரேடியேட்டரின் வாயில் வரும் காற்றை ஒரு நீலத் திரவத்தின் வழியே இழுப்பார்கள். எரிந்த புகை கலந்திருந்தால் பெட்ரோல் வண்டிக்கு மஞ்சளாக மாறும். நான்காவது, கம்ப்ரஷன் சோதனை. ரோட்டரிக்குச் சாதாரண மீட்டர் போதாது. ஒரு ரோட்டருக்கு மூன்று முகம். சாதாரண மீட்டர் மூன்றில் நல்லதை மட்டும் காட்டி மற்ற இரண்டை மறைத்துவிடும். மூன்றையும் தனித்தனியே காட்டும் மீட்டர் உள்ளவரிடம்தான் போக வேண்டும்.

இவற்றைச் செய்யாமல் சிலர் செய்யும் வைத்தியங்களையும் பார்க்கிறோம். ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போடுவது ஒன்று. ஓட்டையை அடைப்பது நிச்சயமில்லை, மெல்லிய குழாய்களை அடைப்பது நிச்சயம். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது இன்னொன்று. மாஸ்டா ரோட்டரியில் அதைக் கழற்றினால் சுற்றுவழி அடைபடாமல், தண்ணீர் ரேடியேட்டருக்கே போகாமல் திரும்பிவந்து இன்னும் சூடேறும். மூன்றாவது, போர்வெல் தண்ணீர் ஊற்றுவது. நம் பகுதிப் போர்வெல் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தில் படியும் வெள்ளைப் பொருக்கு என்ஜினுக்குள்ளும் படியும்.

பிரித்துத்தான் ஆக வேண்டுமென்றால்

சோதனை எல்லாம் முடிந்து, உள் வளையம் போய்விட்டது என்று உறுதியானால் பிரிக்க வேண்டியதுதான். அப்போது அரைகுறை கூடாது. ஐந்து அடுக்கும் பிரிந்த பின் கசிந்த ஒரு வளையத்தை மட்டும் மாற்றுவது மூடத்தனம். ரப்பர் வளையங்கள் அனைத்தும், முனை சீல், பக்க சீல், ஸ்பிரிங் எல்லாம் அளந்து பார்த்து மாற்ற வேண்டும். தட்டுகள் வளைந்திருக்கின்றனவா என்று நேர்க்கோல் வைத்துப் பார்க்க வேண்டும். தலைமுடிக் கனம்கூட இல்லாத வளைவும் கசியவிடும். போல்ட்டுகளைச் சொன்ன வரிசையில், சொன்ன அளவுக்குப் படிப்படியாக இறுக்க வேண்டும். வண்டியில் ஏற்றுவதற்கு முன்பே தண்ணீர்ப் பாதையில் அழுத்தம் கொடுத்துச் சோதித்துவிட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வளையம் ஏன் கருகியது என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். அடைத்த ரேடியேட்டரா, சுற்றாத விசிறியா, திறக்காத தெர்மோஸ்டாட்டா? அதைக் கண்டுபிடிக்காமல் புது என்ஜினை அதே ரேடியேட்டரோடு இணைத்தால் அடுத்த கோடையில் மறுபடி இறக்க வேண்டியதுதான். இது ரோட்டரிக்கு மட்டுமல்ல, எல்லா வண்டிக்கும் பொருந்தும்.

பார்த்ததற்குக் காசா?

குஷாய்குடாவில் என் பக்கத்துக் காலனியில் ஒரு நண்பர், என்னைப் போல ஓய்வூதியக்காரர். அவர் வண்டியில் வாரம் ஒரு லிட்டர் தண்ணீர் குறைந்துகொண்டிருந்தது. தரையில் சொட்டும் இல்லை. முதலில் போன இடத்தில் ரேடியேட்டரை மாற்றினார்கள். குறைவது நிற்கவில்லை. அடுத்த இடத்தில் என்ஜினைப் பிரிக்க வேண்டும் என்று பல்லாயிரம் ரூபாய்க்குக் கணக்குக் கொடுத்தார்கள். மூன்றாவதாக, மெயின் ரோட்டை விட்டு உள்ளே தகரக் கொட்டகையில் இருக்கும் வயதான தெலுங்கு மெக்கானிக் ஒருவரிடம் போனார். அவர் அரை நாள் கேட்டார். பம்பை வைத்து அழுத்தம் ஏற்றி, டார்ச் லைட்டோடு படுத்துக்கொண்டார். என்ஜினுக்குப் பின்னால் ஒரு சிறிய ஹோஸ் பைப்பில் ஊசி முனைக் கசிவு. சொட்டுவது சூடான புகைக்குழாய் மேல் விழுந்து ஆவியாகிவிட்டதால் தரைக்கு வரவே இல்லை.

பைப்புக்கு ஒரு தொகையும், "செக்கிங்" என்று முந்நூறு ரூபாயும் கேட்டார். நண்பர் என்னிடம் வந்து, "பைப்புக்குச் சரி சார், பார்த்ததற்கு எதற்குக் காசு?" என்று குறைப்பட்டுக்கொண்டார். அதே கேள்வியை மெக்கானிக்கிடமும் கேட்டிருக்கிறார். அவர் சொன்ன பதில்: "பைப்பு எவரைனா மாருஸ்தாரு சார். எக்கட காருதுந்தோ கனுக்கோவடமே பனி." பைப்பை யார் வேண்டுமானாலும் மாற்றுவார்கள், எங்கே கசிகிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை என்றுதான் நானும் நண்பரிடம் சொன்னேன்.

யோசித்துப் பாருங்கள். டாக்டர் நாடி பார்த்ததற்குப் பணம் கொடுக்கிறோம். ஸ்கேன் எடுத்து "ஒன்றுமில்லை" என்று சொன்னால் சந்தோஷமாகவே கொடுக்கிறோம். மெக்கானிக் "ஒன்றுமில்லை" என்று சொன்னால் மட்டும் பைசா தர மனம் வருவதில்லை. கண்டுபிடித்ததற்குக் கூலி இல்லை, சாமான் மாற்றினால்தான் கூலி என்று நம்மவர்களே விதி வகுத்துவிட்டு, தேவையில்லாமல் சாமான் மாற்றுகிறான் என்று அவனைத் திட்டுவது என்ன நியாயம்? அரை நாள் படுத்துப் பார்க்கிற நேர்மையானவர் பட்டினி கிடப்பார். பார்க்காமலே பிரிக்கச் சொல்கிறவர் வாழ்வார். இதன் நஷ்டம் கடைசியில் நம் தலையில்தான் விழுகிறது.

"அனுபவசாலிக்குக் காதால் கேட்டாலே தெரியும், சோதனை எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. அனுபவத்தை நான் மதிக்கிறேன். எங்கே முதலில் தேட வேண்டும் என்று அனுபவம் சொல்லும். அங்கேதான் இருக்கிறது என்று உறுதி செய்வது மீட்டர். ஷெட்டில் காது கூர்மையான ஃபிட்டர்கள் இருந்தார்கள். அவர்களும் துவாரத்தைத் திறந்து பார்த்த பிறகுதான் ஹெட்டில் கை வைத்தார்கள்.

ஆகவே அன்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். வண்டியை ஒப்படைக்கும்போதே, "முதலில் கசிவு எங்கே என்று சோதித்துச் சொல்லுங்கள். வேலையை உங்களிடம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் சோதனைக்கு இவ்வளவு தருகிறேன்" என்று பேசிக்கொள்ளுங்கள். முள் எவ்வளவு இறங்கியது, எந்த இடம் ஈரமாயிற்று என்று எழுதி வாங்குங்கள். மாற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். முள் சிவப்புக்குப் போனால் பக்கத்து ஊர்வரை ஓட்டிவிடலாம் என்று நினைக்காமல் அங்கேயே நிறுத்துங்கள். சூடான ரேடியேட்டர் மூடியை எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். உள்ளே 100 டிகிரிக்கு மேல் சூட்டோடு அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் முகத்தில்தான் பாயும்.

நம் சங்கத்துக்கும் ஒரு யோசனை. அழுத்தச் சோதனைப் பம்ப் ஒரு பெட்டி சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. சங்கம் ஒன்றை வாங்கி வைக்கட்டும். ஏப்ரல் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊருக்குக் காரில் போகிறவர்கள் வண்டியைக் கொண்டுவரட்டும். அந்த வயதான மெக்கானிக்கையே வரவழைத்து, வண்டிக்கு இவ்வளவு என்று கூலி பேசிச் சோதிக்கச் சொல்லலாம். பாலிடெக்னிக்கில் படிக்கும் நம் பிள்ளைகள் கூடமாட நின்று கற்றுக்கொள்ளலாம். நோட்டுப் புத்தகத்தோடு வந்து எண்களைக் குறித்துத் தர நான் தயார். நல்ல நாளாகப் பார்த்துச் செயலாளர் தேதி குறிக்கட்டும்.